ஒத்தை வரியில இருந்து ஒரு வந்தியத்தேவன்

வணக்கம் நேயர்களே.

செப்டம்பர் 9 கல்கியோட பிறந்த நாள், அதை ஒட்டி கொஞ்ச நேரம் பேசுங்கன்னு நிலையத்துல கூப்பிட்டாங்க, தலைப்பு உங்க இஷ்டம்னும் சொல்லிட்டாங்க. வசதி தான், ஆனா ஆபத்தும் கூட, ஏன்னா கல்கிய பத்தி பேச உட்கார்ந்தா எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. அதனால அவரோட வாழ்க்கை வரலாற்ற நான் வேகமா தாண்டிடறேன். மாயவரம் பக்கத்துல புத்தமங்கலம், 1899ல பிறப்பு, ஒத்துழையாமை இயக்கம்னு காந்தி கூப்பிட்டதும் திருச்சியில ஸ்கூல் படிப்ப பாதியில விட்டது, ஜெயில், நவசக்தியில திரு.வி.க. கிட்ட வேலை, திருச்செங்கோடு ஆசிரமத்துல ராஜாஜியோட மதுவிலக்குப் பத்திரிகை, அப்புறம் ஆனந்த விகடன், 1941ல எம்.எஸ். சுப்புலட்சுமியோட கணவர் சதாசிவத்தோட சேர்ந்து சொந்தமா "கல்கி". அந்தப் பத்திரிகை ஆரம்பிக்க பணம் வேணும்னு எம்.எஸ். "சாவித்திரி" படத்துல நாரதரா வேஷம் போட்டாங்க, அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம். 1954 டிசம்பர் 5ல போயிட்டாரு, வயசு அம்பத்தஞ்சு தான். அவ்வளவு எழுதினவருக்கு அந்த வயசு ரொம்ப கம்மி.

இன்னிக்கு நான் பேச வந்தது வேற விஷயம். நல்ல புத்தகம் எத்தனையோ இருக்கு, படிக்கிறோம், ரசிக்கிறோம், மூடி அலமாரியில வச்சுடறோம். ஆனா பொன்னியின் செல்வன் படிச்சவங்க மட்டும் ஏன் சும்மா இருக்க மாட்டேங்கறாங்க? ஒருத்தர் பஸ் பிடிச்சு கோடிக்கரை போறாரு, ஒருத்தர் கல்வெட்டு படிக்க கத்துக்கறாரு, ஒருத்தர் பொண்ணுக்கு வானதின்னு பேர் வைக்கிறாரு, பூங்குழலின்னு வைக்கிறாரு (இந்தப் பேர் வச்சவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, பாதி பேர் வீட்டுல அந்த அஞ்சு பாகம் இருக்கும்), இன்னொருத்தர் பேனாவ எடுத்து தானும் ஒரு சரித்திரக் கதை எழுத ஆரம்பிச்சுடறாரு. படிச்சவங்கள நாற்காலிய விட்டு எழுப்பற சாமர்த்தியம் இவருக்கு எங்க இருந்து வந்துச்சு, அத தான் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாம்.

எனக்கு தோணறது என்னன்னா, கல்கி எதையுமே முழுசா மூடி வைக்கல. அவரு கட்டின வீட்டுல செங்கல் எது, பூச்சு எதுன்னு நமக்கு தெரியற மாதிரியே விட்டு வச்சாரு.

பொன்னியின் செல்வன் ஹீரோ வந்தியத்தேவனையே எடுத்துக்கோங்க. நம்ம எல்லாருக்கும் அவன் முகம் தெரியும், குறும்பு தெரியும், எங்க வாய விட்டு மாட்டிக்குவான்னு தெரியும், பசிச்சா அவன் படற பாடு தெரியும். ஆனா சரித்திரத்துல அவனுக்கு இருக்கிற ஆதாரம் என்ன? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல, ராஜராஜனோட அக்கா குந்தவை கோயிலுக்கு கொடுத்த கொடைய பத்தி சொல்ற இடத்துல, வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்னு அந்த அம்மாவ குறிப்பிட்டிருக்கு. அதாவது இன்னாரோட மனைவின்னு சொல்றப்ப போற போக்குல வர்ற ஒரு பேரு. கிட்டத்தட்ட அவ்வளவு தான் நமக்கு கிடைக்கிற வந்தியத்தேவன். அவன் எப்படி இருந்தான், என்ன பேசினான், குதிரை ஏறத் தெரியுமா, ஒண்ணும் கிடையாது. ராஜாவோட அக்காவ கட்டிக்கிட்டவன் யாருடா அவன், எப்படி அந்த இடத்துக்கு வந்தான்னு ஒரு மனுஷன் கேள்வி கேட்டாரு பாருங்க, அந்தக் கேள்வியில இருந்து தான் நம்ம ஆளு வீராணம் ஏரிக்கரையில ஆடிப்பெருக்கு அன்னிக்கு குதிரையில வந்து இறங்கறான்.

எழுத ஆசைப்படறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர் கோயில் சுவத்துல, நாம சின்ன வயசுல சாஞ்சு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்ட அதே சுவத்துல, இந்த மாதிரி எத்தனை பேரு இருக்கும்! விளக்குக்கு ஆடு கொடுத்தவன், நிலத்த வித்தவன், தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில்ல ஆடறவங்க, நானூறு பேருக்கு ராஜராஜன் வீடு கொடுத்தான்னு அதே பெரிய கோயில்ல பேர் பேரா வெட்டி வச்சிருக்கே, அந்த நானூறுல ஒவ்வொண்ணும் ஒரு கதை தான. கல்கிக்கு முன்னாடி அது ஆராய்ச்சியாளர்கள் சமாச்சாரம். அவருக்கு அப்புறம் அது யாரு வேணாலும் கை வைக்கலாங்கற சமாச்சாரம் ஆயிடுச்சு.

ஆராய்ச்சியாளர்கள்னு சொன்னேன் இல்ல, அவங்களுக்கும் இதுல பெரிய பங்கு உண்டு, அத சொல்லாம விட்டா பாவம். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்ற 1930கள்ல இங்கிலீஷ்ல எழுதினாரு. சதாசிவப் பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தோட முதல் பகுதிய 1949ல தமிழ்ல கொண்டு வந்தாரு. அடுத்த வருஷம், 1950 அக்டோபர்ல, பொன்னியின் செல்வன் தொடர் ஆரம்பம். இவங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா கல்வெட்டு கல்வெட்டா பொறுக்கி வச்சத கல்கி எடுத்து உயிர் கொடுத்தாரு. அத மறைக்கவும் இல்ல. கதை விறுவிறுன்னு போயிட்டே இருக்கும், வந்தியத்தேவன் எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிச்சிட்டு இருப்பான், நடுவுல ஆசிரியர் வந்து, வாசகர்களே கொஞ்சம் பொறுங்க, இந்த இடத்தோட சரித்திரத்த சொல்லிடறேன்னு ஆரம்பிப்பாரு. திருப்புறம்பயம் பள்ளிப்படை, அதாவது போர்ல செத்த ராஜாவுக்கு கட்டின நினைவுக் கோயில், வர்ற இடத்துல அந்தப் போர்க்கதை முழுசும் வரும், விஜயாலயன் தள்ளாத வயசுல, நடக்க முடியாம, ரெண்டு பேர் தோள்ல ஏறிக்கிட்டு வாள் சுத்தின கதை. நியாயமா பாத்தா அங்க கதை தொய்யணும். தொய்யாது. இன்னிக்கு ஒரு எடிட்டர் கையில கொடுத்தா முதல்ல அடிக்கிற பக்கம் அதுவா தான் இருக்கும், நல்ல வேளை அவரே எடிட்டர்.

இப்ப அந்த வீராணம் ஏரிக்கு ஒரு நிமிஷம் திரும்பிப் போகலாம். அந்த ஏரிப் பக்கத்துலயே காட்டுமன்னார்கோயில் இருக்கு, அங்க உடையார்குடின்னு ஒரு பகுதி, அனந்தீஸ்வரர் கோயில். அந்தக் கோயில் சுவத்துல ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி ஆண்டு கல்வெட்டு ஒண்ணு இருக்கு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனக் (ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் தான்) கொன்ன துரோகிகள்னு சொல்லி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்னு பேர் போட்டு, அவங்க நிலத்த எல்லாம் என்ன பண்றதுன்னு சொல்லுது. ஒரு இளவரசன் கொலை, குத்தவாளிங்க பேரு, தண்டனை. ஏன் கொன்னாங்க, யாரு தூண்டினாங்க, அது மட்டும் இல்ல. கதை எந்த ஏரிக்கரையில ஆரம்பிக்குதோ, கொலையோட ஆதாரம் அதே ஏரிக்கு பக்கத்துலயே இருக்கு பாருங்க. ஆழ்வார் பாசுரங்கள தொகுத்த நாதமுனிகள் இந்த ஊர்ல தான் பிறந்தாருங்கறாங்க, அதனால அங்க வச்சே வைஷ்ணவனான ஆழ்வார்க்கடியான் நம்பிய நமக்கு அறிமுகம் பண்றாரு. ஒண்ணும் தற்செயல் கிடையாது, எல்லாம் கணக்கு பண்ணி தான் குதிரைய அங்க கொண்டு வந்து விட்டிருக்காரு. (சென்னையில இருக்கிற நேயர்களுக்கு ஒரு தகவல், உங்க குழாய்ல வர்ற தண்ணியில ஒரு பங்கு அந்த வீராணத்துல இருந்து தான்.)

ஆழ்வார்க்கடியான் வர்ற இடத்த எழுதறவங்க திரும்பத் திரும்ப படிக்கணும். தலையில முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில தடி, குள்ளமா குண்டா ஒரு ஆளு. இவன் ஒற்றன், புத்திசாலி, வைஷ்ணவப் பித்து பிடிச்சவன்னு எழுதி முடிச்சிருக்கலாம். அவரு என்ன பண்றாரு, ஒரு சைவரையும் ஒரு அத்வைதியையும் கொண்டு வந்து நிறுத்தி மூணு பேரையும் கூட்டத்துக்கு நடுவுல வாதம் பண்ண விட்டுடறாரு. நாம சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தக் காலத்து சமயச் சண்டை, ஜனங்களோட வேடிக்கை புத்தி, நம்பியோட முரட்டுத்தனம், வந்தியத்தேவனோட நடுவுல மூக்க நுழைக்கிற குணம் எல்லாம் மனசுல ஏறிடுது. பாடம் எடுத்த மாதிரியே தெரியாது.

பூங்குழலி இன்னொரு மாதிரி. அவளுக்கு கல்வெட்டும் கிடையாது, செப்பேடும் கிடையாது, முழுக்க கல்கி பெத்த பொண்ணு. கோடிக்கரையில ராத்திரி, சதுப்பு நிலத்துல அங்கங்க தீ தானா எரியுது, வந்தியத்தேவனுக்கு குலை நடுங்குது, இவ என்னடான்னா அந்த கொள்ளிவாய்ப் பிசாசுங்க தான் என்னோட காதலர்கள்னு சாதாரணமா சொல்றா. அதுக்கு கொஞ்சம் முன்னாடி அவள துரத்திட்டு ஓடி புதைசேத்துல மாட்டிக்கிட்டவன் நம்ம வீரன், இழுத்து கரையேத்தினது அவ. 1950கள்ல குடும்பப் பத்திரிகையில வாரா வாரம் வந்த கதை இது, ஹீரோவ ஒரு படகோட்டிப் பொண்ணு சேத்துல இருந்து தூக்கி விடறா, அதுக்கப்புறம் இலங்கைக்கு படகு வலிக்கறதும் அவ தான். எனக்கு குந்தவைய விட பூங்குழலிய தான் பிடிக்கும், இதுல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம்.

கோடிக்கரை போனா அந்தச் சதுப்பு இன்னும் இருக்கு, குழகர் கோயில் இருக்கு, சரணாலயம் ஆயிடுச்சு, வெளிமான் கூட்டமா ஓடும். சோழர் காலத்து கலங்கரை விளக்கம்னு காட்டற செங்கல் இடிபாடு 2004 சுனாமியில சிதைஞ்சு போச்சு. இதெல்லாம் பாக்க போற ஜனங்கள்ல முக்கால்வாசிப் பேர் மான் பாக்க போகல, பூங்குழலிய பாக்க தான் போறாங்க.

சரி, தொடர்கதைங்கற விஷயத்துக்கு வர்றேன். மூன்றரை வருஷம், 1954 மே வரைக்கும் ஓடின தொடர். மொத்தம் 293 அத்தியாயம், ஒவ்வொண்ணும் சின்னதா, முடியற இடத்துல ஒரு கொக்கி. அடுத்த இதழ் வர்ற வரைக்கும் என்ன ஆகும்னு திண்ணையில உட்கார்ந்து பேசுவாங்களாம். அந்தப் பக்கங்கள மட்டும் பிரிச்சு எடுத்து, சேத்து, நூல் போட்டு பைண்ட் பண்ணி வச்ச வீடுங்க தமிழ்நாட்டுல ஏராளம். எங்க வீட்டுல இருந்ததும் அப்படி ஒண்ணு தான், அழுக்கு காலிகோ அட்டை, கதை முடியற பக்கத்துல பாதி விளம்பரம், ஓவியர் மணியத்தோட படங்கள், பழுவூர் ராணி நந்தினியோட அந்தக் கொண்டை. எங்க சித்தி சத்தமா படிப்பாங்க, நாங்க சுத்தி உட்கார்ந்து கேப்போம். மூணாவது பாகத்துல நடுவுல சில பக்கங்க கிடையாது, யாரோ இரவல் வாங்கிட்டுப் போய் கிழிச்சுட்டாங்க. சித்தி அங்க வந்ததும் நிறுத்தவே மாட்டாங்க, கண்ண புத்தகத்துல இருந்து எடுக்காம, குரல் மாறாம, தன்னோட கற்பனையில அடிச்சு விட்டுட்டே போவாங்க, நந்தினி அந்த மீன் சின்னம் போட்ட வாள எடுத்து வச்சுக்கிட்டு என்னென்னவோ பேசுவா. பல வருஷம் கழிச்சு நான் கடையில முழு புத்தகம் வாங்கி அந்த இடத்த படிச்சா கல்கி எழுதினது வேற! சித்தி சொன்ன நந்தினி இன்னும் கொஞ்சம் பாவப்பட்டவ, இன்னும் கொஞ்சம் கோவக்காரி. சித்தி எட்டாவது வரைக்கும் தான் படிச்சவங்க, ஒரு கடுதாசிக்கு மேல எதுவும் எழுதினதில்ல. ஆனா எனக்கு தெரிஞ்ச முதல் கதாசிரியர் அவங்க தான்.

இப்படி கிழிஞ்சு போன பக்கத்துக்கே இவ்வளவுன்னா, கல்கி வேணும்னே எழுதாம விட்ட இடங்களுக்கு கேக்கணுமா. ஆதித்த கரிகாலன கொன்னது யாருன்னு ஆயிரக்கணக்கான பக்கம் படிச்ச அப்புறமும் அவரு அடிச்சு சொல்லல. நந்தினி யாரோட பொண்ணு, கடைசியில எங்க போனா, மங்கலா தான் இருக்கு. தொடர் முடிஞ்சதும் ஜனங்களுக்கு பயங்கர கோவம், இப்படி திடுதிப்புன்னு முடிச்சுட்டீங்களேன்னு. அதுக்கு பதிலா அவரு ஒரு முடிவுரையே எழுத வேண்டியதா போச்சு. எழுத்தாளர் விட்ட இடத்த ஜனங்க இன்னிக்கு வரைக்கும் நிரப்பிட்டே இருக்காங்க, ரெண்டு பொன்னியின் செல்வன் வாசகர்கள ஒரு ரூம்ல விடுங்க, கால் மணி நேரத்துல கரிகாலன் கொலை வழக்கு ஆரம்பிச்சுடும்.

எழுத்தாளர்களும் அந்த காலி இடத்துல தான் வந்து உட்கார்ந்தாங்க. விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி"ன்னு அந்தக் கதைய அதுக்கு மேல கொண்டு போனாரு. அகிலன் ராஜேந்திர சோழன எடுத்துக்கிட்டு "வேங்கையின் மைந்தன்" எழுதினாரு, அதுவும் கல்கி பத்திரிகையிலயே தொடரா வந்தது தான், 1963ல சாகித்ய அகாதமி பரிசு வாங்குச்சு. பாலகுமாரன் "உடையார்"னு பெரிய கோயில் கட்டினத ஆறு பாகமா எழுதினாரு, அங்க வர்ற ராஜராஜன் கல்கியோட சாந்தமான அருள்மொழி கிடையாது, வயசான, பாரம் சுமக்கிற ராஜா. கல்கியோட கிளை தான்னாலும் காய் வேற மாதிரி. அப்படி இருந்தா தான் எனக்கு பிடிக்கும்.

ஏன்னா இன்னொரு வகையும் இருக்கு, அதையும் சொல்லணும். இருட்டுல ஒரு குதிரை வீரன், முக்காடு போட்ட ஒரு மர்ம மனுஷன், மாடத்துல ஒரு இளவரசி, சுரங்கப்பாதை, ஓலை. இத மட்டும் எடுத்துக்கிட்டு எத்தனை எத்தனை நாவல் வந்துச்சு! கல்கி கிட்ட இருந்து சட்டைய மட்டும் எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அவரோட சிரிப்ப எடுக்கல, அவரு கால் தேய அந்த ஊர்கள சுத்தினத எடுக்கல. விமர்சகர்கள் கல்கி மேல கோவப்பட்டதுல இந்த கூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டுன்னு நினைக்கிறேன். புதுமைப்பித்தன் அவரோட நேரடியா மோதினாரு, க.நா.சு. போன்றவங்க கல்கி எழுத்த இலக்கியமாவே பெருசா எடுத்துக்கல. அவங்க சொன்னதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், மனுஷ மனசோட இருட்டுக்குள்ள இறங்கற வேலைய கல்கி செய்யல தான். ஆனா ஒண்ணு, நான் புதுமைப்பித்தன் கிட்ட போய் சேர்ந்ததே கல்கி பழக்கின படிப்புப் பழக்கத்தால தான். எனக்கு தெரிஞ்ச சீரியஸ் எழுத்தாளர்கள்ல நிறைய பேர் இத ஒத்துக்குவாங்க, மேடையில இல்ல, டீ குடிக்கும்போது.

கல்கிக்கே எது தன்னோட நிலைக்கிற புத்தகம்னு தோணுச்சு தெரியுமா? பொன்னியின் செல்வன் எழுதறதுக்கு முன்னாடியே எழுதின "அலை ஓசை". தன்னோட எழுத்துல அம்பது வருஷம் நூறு வருஷம் நிக்கக்கூடியது ஒண்ணு இருக்குன்னா அது இது தான்னு முன்னுரையில சொல்லியிருக்காரு. அவரு போன அப்புறம் 1956ல சாகித்ய அகாதமி பரிசு கிடைச்சதும் அதுக்கு தான். ராஜம்பேட்டைன்னு ஒரு கிராமத்து தபால் ஆபீஸ்ல ஆரம்பிச்சு, பீகார் பூகம்பம், சுதந்திரப் போராட்டம், பிரிவினைக் கலவரம், காந்தி மரணம் வரைக்கும் போற கதை, நடுவுல சீதான்னு ஒரு பொண்ணு சிக்கி சின்னாபின்னமாகறா. அதுல அவரு அந்த இருட்டு பக்கமும் கொஞ்சம் நடந்து பாத்திருக்காரு. ஜனங்க என்னவோ வந்தியத்தேவன் குதிரைய தான் பிடிச்சுக்கிட்டாங்க. எழுதறவர் நினைக்கிறது ஒண்ணு, படிக்கிறவங்க எடுத்துக்கறது ஒண்ணு.

2022லயும் 2023லயும் மணிரத்னம் எடுத்த பொன்னியின் செல்வன் படம் வந்துச்சு, எம்.ஜி.ஆர். காலத்துல இருந்து எடுக்கணும் எடுக்கணும்னு பேசிட்டே இருந்தது. படத்த பத்தி உங்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கும், எனக்கும் இருக்கு, அத விடுங்க. தமிழ் எழுத்துக்கூட்டி படிக்கவே கஷ்டப்படற பசங்க படம் பாத்துட்டு வந்து, நந்தினிக்கு புத்தகத்துலயும் இதே தானா நடக்குதுன்னு கேக்கறாங்க. படிக்க முடியாதவங்க ஆடியோவா போட்டு காதுல மாட்டிக்கிட்டு வேலைக்கு போறாங்க. சில பேர் இத கேவலமா பேசறாங்க, படிக்காம கேக்கறதாம். எங்க சித்திய சுத்தி உட்கார்ந்தவங்கள்ல பாதி பேருக்கு எழுத்து தெரியாது.

கடைசியா, எங்க ஆரம்பிக்கறதுன்னு கேக்கற நேயர்களுக்கு. அஞ்சு பாகம்னு பயமா இருந்தா "பார்த்திபன் கனவு" எடுங்க, ஒரே புத்தகம், சீக்கிரம் முடிஞ்சுடும், சிவனடியார் யாருன்னு நீங்க முன்னாடியே கண்டுபிடிச்சுடுவீங்க, பரவாயில்ல. அப்புறம் "சிவகாமியின் சபதம்", காலத்தால அது பார்த்திபன் கனவுக்கு முந்தின கதை, எழுதினது பிந்தி. அதுக்கு அப்புறம் பொன்னியின் செல்வன். அவரோட எழுத்தெல்லாம் நூற்றாண்டை ஒட்டி நாட்டுடைமை ஆயிடுச்சு, அதனால எந்தப் பதிப்பகம் வேணாலும் போடலாம், மலிவு பதிப்பும் கிடைக்கும், நெட்ல இலவசமாவும் கிடைக்கும். வாங்கறப்ப மட்டும் எழுத்து பெருசா இருக்கா, மணியத்தோட படம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. எழுதணும்னு இருக்கிறவங்க அடுத்த தடவை ஊர் கோயிலுக்கு போனா பிரகாரத்த ஒரு சுத்து மெதுவா சுத்துங்க, வெள்ளையடிச்சும் சந்தனம் அப்பியும் எண்ணெய் தடவியும் மறைச்சது போக மிச்சம் ஏதாவது வரி இருக்கும். படிக்க தெரியலன்னா தொல்லியல் துறை கல்வெட்டுகள தொகுதி தொகுதியா அச்சு போட்டு வச்சிருக்காங்க, உங்க ஊர் பேர் அதுல இருக்கான்னு தேடுங்க.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டறாங்க, நேரம் ஆச்சு. பூங்குழலியா குந்தவையாங்கற சண்டைய நிலையத்து முகவரிக்கு எழுதி அனுப்புங்க. நன்றி, வணக்கம்.